ஹன்னாவை யாரும் எடுக்கவில்லை

‘90ஸ் கிட்ஸ்’ என்ற சொல்லுக்கு இலக்கணப்படி ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ஆனால் தமிழில் அது புழங்கும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் பெண் கிடைக்காமல் நிற்கிறவர், வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவர், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தோடு வீடியோ கேம் கடையில் காத்து நின்றவர் என்று எல்லாரும் ஆண்கள்தான். அந்த மீம்களில் பெண் வந்தால் கிடைக்காத மணப்பெண்ணாக வருவாள், இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் கடந்து போவாள். அவளும் அதே ஆண்டுகளில் வளர்ந்தவள்தானே, அவளுக்கு என்ன நினைவு இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

சினிமாவும் இதைத்தான் செய்தது. சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ (2004) வந்தபோதே பெண்கள் ஒரு கேள்வி கேட்டோம்: ஒரு பெண் தன் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய காதலர்களின் ஊர்களைத் தேடிப் போனால் அவளுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ‘96’ (2018) அதைவிட நுட்பமான படம். ஜானுவுக்குக் குரல் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஆனாலும் அவளுடைய கல்லூரி வரைக்கும், கல்யாணம் வரைக்கும் போய் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப ராமால் முடிகிறது. ஜானு இருந்த இடத்திலேயே காத்திருக்கிறாள். நினைவுகளைச் சேர்த்து வைப்பதற்கும் நடமாட்டம் வேண்டியிருக்கிறது.

இந்த நினைவேக்கத்துக்கு ஒரு மூலஸ்தானம் உண்டென்றால் அது வீடியோ கேம் கடை. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெண்களைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்வார்கள்: பொம்பளப் பிள்ளைகளுக்கு அதில் ஆர்வமில்லை. ஆர்வம் எப்படி உண்டாகிறது, எங்கே வைத்து நிறுத்தப்படுகிறது என்பதை அந்த வரி விழுங்கிவிடுகிறது. அதை என் ஊரிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன்.

பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை எங்களுடையது. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சம், அவர்களுடைய கல்லறைத் தோட்டம், கடைத்தெரு, மசூதி, மாதா கோயில், சுற்றிலும் குப்பங்கள். நான் பள்ளிக்குப் போன காலத்தில் எங்கள் மாவட்டத்துக்குச் செங்கை எம்.ஜி.ஆர். என்று பெயர். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் இந்தப் பக்கம் கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை வரும். 1994 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி. முதன்முறையாக வெற்றிகரமாக ஏறியதைக் கரையில் நின்று பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கணினி யுகம் எங்களைப் பொறுத்தவரை தலைக்கு மேலே போன ஒன்று.

அது தரைக்கு இறங்கியது கேம் கடை வழியாகத்தான். கடைத்தெருவில் ஓர் அறை, இரண்டு டிவி, ஜப்பானின் நின்டெண்டோ பெட்டியைப் பார்த்து மலிவாக நகலெடுத்த கருவிகள், மாற்றி மாற்றிச் செருகும் கேசட்டுகள். கான்ட்ராவும் மாரியோவும் அங்கே. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. நாணயம் போட்டு நின்றபடியே ஆடும் பெரிய எந்திரங்கள் பொன்னேரியில் இருந்தன. பிளஸ் டூ படிக்கப் பொன்னேரிக்குப் போனபோது மாலையில் பேருந்துக்காக நாங்கள் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்புறம் அப்படி ஒரு கடை இருந்தது. வாசலில் கறுப்புத் துணி தொங்கும். உள்ளே வெளிச்சம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துணி. ஆனால் அது எங்களுக்காகவே தொங்கவிடப்பட்டது போல வேலை செய்தது. யாரும் எங்களைப் போகாதே என்று சொன்னதில்லை. அறிவிப்புப் பலகை ஏதும் கிடையாது. ஒரு பெண் சாலையைக் கடந்து அந்தத் துணியை விலக்கினால் அன்று இரவுக்குள் செய்தி குப்பத்துக்குப் போய்ச் சேரும் என்பது எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். பேருந்து முக்கால் மணி நேரம் தாமதமாக வரும். அந்த முக்கால் மணி நேரமும் காதால் விளையாடினோம். நாணயம் விழும் சத்தம், பொத்தானைப் படபடவென்று தட்டும் சத்தம், செத்துப் போகிறவர்களின் அலறல், பையன்களின் கெட்ட வார்த்தை. எந்த ஒலி வந்தால் எந்தக் கட்டம் முடிந்தது என்று தோழிகள் நாங்கள் சொல்லிவிடுவோம்.

அங்கே அதிகம் ஓடியது ‘முஸ்தபா’. கேப்காம் 1993இல் வெளியிட்ட அந்த விளையாட்டின் உண்மையான பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. அமெரிக்காவில் மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ‘ஜினோசோயிக் டேல்ஸ்’ என்ற சித்திரக்கதையிலிருந்து உருவானது. ஆனால் இந்தியா முழுக்க அது முஸ்தபாதான். மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபா வேகமாக ஓடுவான், பறந்து உதைப்பான், ஆகவே எல்லாருக்கும் அவன்தான் வேண்டும். 1996இல் ‘காதல் தேசம்’ படத்தின் முஸ்தபா பாட்டும் வந்து சேர்ந்தது. ஆண்களின் நட்பைக் கொண்டாடும் அந்தப் பாட்டைப் பேருந்தின் பின்பக்கம் முழுக்கப் பாடிக்கொண்டு வருவார்கள். ஆண் நட்புக்கு அந்தக் காலத்தில் ஒரே பெயர்தான் இருந்தது போலும்.

அந்த விளையாட்டில் தேர்ந்தெடுக்க நான்கு பாத்திரங்கள் உண்டு: ஜாக், முஸ்தபா, மெஸ், ஹன்னா. ஹன்னா மட்டும் பெண். ஒரே சமயத்தில் மூன்று பேர்தான் ஆட முடியும். ஆக, எத்தனை பேர் கூடினாலும் ஒரு பாத்திரம் மிஞ்சும். எது மிஞ்சியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் அண்ணன் வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது மற்ற மூவருக்கும் பெயரோ பட்டப்பெயரோ இருக்கும். ஹன்னாவை ‘அந்தப் பொம்பள’ என்பான். அவளை எடுத்தவன் கேலிக்கு ஆளாவான். பல வருடம் கழித்து என் மருமகனின் கணினியில் அந்த விளையாட்டை முதன்முறையாக ஆடினேன், ஹன்னாவை எடுத்தேன். அடியின் பலம் குறைவு. கையில் கிடைக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தும் திறமைதான் அவளுடைய பலம். சித்திரக்கதையில் அவள் வேற்று நாட்டுத் தூதர், அறிவியலாளர். அத்தனையும் இருந்தும் பொன்னேரியில் அவள் திரையின் ஓரத்தில் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ஆக, துணிக்கு வெளியே இருந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு முடியாது.

விளையாட்டுக் கடையின் அடிப்படை விதி, முறை. எந்திரத்தின் விளிம்பில் நாணயத்தை வைத்தால் அடுத்த முறை உனக்கு. இதை எங்கள் ஊர்ப் பையன்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஏரியே முறையில்தான் ஓடுகிறது. பாட்டு முறை என்று அதற்குப் பெயர். ஏரியில் மீனும் இறாலும் திரளும் இடங்கள் ‘பாடு’ எனப்படும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனிடமே நிற்காமல் சுற்றி வரும். மீன்வளத்தை ஊரே சேர்ந்து காக்கும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய பொதுவளங்கள் பற்றிய நூலில் துருக்கியின் அலன்யா மீனவர்கள் இதேபோலச் சீட்டுப் போட்டு இடம் மாற்றிக்கொள்வது பேசப்படுகிறது. 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்.

பாராட்டில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பாட்டில் பங்கு ஆண்களுக்கு மட்டும். அதே ஏரியில் இறால் பிடிக்கும் மற்ற சாதியாருக்கும் பழங்குடியினருக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழில் ‘பாடு’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பழைய நகைச்சுவை. ஆயா சொல்வாள்: “ஆம்பளைக்கு ஏரியில பாடு, நமக்கு வீட்ல பாடு.”

அந்த நாணயம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வலை முறையில் வரும் பணம் சேர்ந்தாற்போல வரும், படகுக் கடனுக்கும் வியாபாரியின் முன்பணத்துக்கும் போகும். தினமும் சில்லறை புரள்வது மீன் விற்கும் பெண்ணிடம்தான். அம்மா விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளூர்த் தெருக்களுக்கும் பேருந்து ஏறிப் பக்கத்து ஊர்களுக்கும் போவார். பேருந்தில் நாற்றம் என்று இறக்கிவிடப்படுவதும் அந்த வியாபாரத்தின் ஒரு பகுதி. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் வயதான பெண் ஒருவரை அப்படி இறக்கிவிட்ட காட்சி ஊடகங்களில் வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதிரவில்லை. மதியம் அம்மா திரும்பி வந்து சுருக்குப் பையைப் பிரிப்பார். அண்ணன் பக்கத்தில் வந்து நிற்பான். “போய்த் தொலை” என்று ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ அவன் கையில் விழும். அந்த நாணயம் மீன் வாசனையோடுதான் பொன்னேரி எந்திரத்துக்குள் போயிருக்கும். நான் கேட்டிருந்தாலும் அம்மா கொடுத்திருப்பார், வளையலுக்கோ ரிப்பனுக்கோ. பையன்களின் ஓய்வுநேரத்துக்கு ஆன செலவை ஏற்றுக்கொண்டது ஓய்வே இல்லாத பெண்களின் உழைப்பு என்ற இந்தச் சிறிய கணக்கை எந்த நினைவுக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. கொடுத்தவர்கள் இருந்ததால்தான் அந்தக் கடை நடந்தது. அவர்களில் ஒருவர்கூட அந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்று பார்த்ததில்லை.

கைவேகம் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். முஸ்தபாவைக் கடைசிக் கட்டம் வரை ஒரே நாணயத்தில் கொண்டு போகிற பையனுக்கு ஊரில் பெயர் உண்டு. கண்ணுக்கும் கைக்கும் அப்படி ஓர் இணைப்பு என்பார்கள். அதே ஆண்டுகளில் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை பெருத்திருந்தது. ஏரியைச் சுற்றி இறால் பண்ணைகள் வெட்டப்பட்டு, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. கூலிக்கு இறால் உரிக்க உட்கார்ந்த பெண்பிள்ளைகளின் விரல்களை யாராவது கவனித்திருக்கிறார்களா? தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, நரம்பை இழுத்து, அடுத்தது. பனிக்கட்டியில் விரல் மரத்துப் போகும், ஓட்டின் முள் குத்தும், வேகம் குறையக்கூடாது. எடைக்குத்தான் கூலி. எங்களுக்குள் யார் முதலில் கூடையை முடிப்பது என்று பந்தயமும் வைத்துக்கொள்வோம். மதிப்பெண் இருந்தது, நேரக் கெடு இருந்தது, வெற்றி இருந்தது. விளையாட்டு என்று மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, குனிந்து, கலங்கிய நீருக்கடியில் சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். கண்ணே இல்லாமல் விரலால் பார்க்கிற வித்தை அது. அதற்கு ஊர் வைத்திருக்கும் சொல் ‘தடவுறது’. திறமை என்று எதைச் சொல்வது, பிழைப்பு என்று எதைச் சொல்வது என்பது செய்கிற கையைப் பொறுத்துத்தான் முடிவாகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இதையெல்லாம் கேம் கடையின் தலையில் மட்டும் கட்டிவிட என்னால் முடியாது. நெய்தல் பாட்டுகளில் பெண்கள் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், நண்டை விரட்டுகிறார்கள், தோழிகளோடு கடலில் குதிக்கிறார்கள், காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கிறார்கள். காக்கை ஓட்டிய அனுபவம் எனக்கும் நிறைய உண்டு. வகுப்பில் அது ‘புள்ளோப்புதல்’ என்று அழகான பெயரில் வந்தபோது அடையாளமே தெரியவில்லை. பாட்டில் அந்த வேலை, தலைவன் வந்து பேச ஒரு சந்தர்ப்பமாக மாறிவிடுகிறது. பேச்சு வெளியே தெரிந்ததும் அடுத்த துறை இற்செறிப்பு. வீட்டுக்குள் அடைப்பதற்கு ஒரு துறைப் பெயரே இருக்கிறது. பெண்ணோடு கடல் கடத்தல் இல்லை என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. பிள்ளைத்தமிழை எடுங்கள். பத்துப் பருவங்களில் காப்பிலிருந்து அம்புலி வரை ஏழும் இருபாலருக்கும் பொது. குழந்தை விளையாடத் தொடங்கும் கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். இதில் சிற்றில் என்பது அவன் வீடு கட்டும் பருவம் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுமிகள் கட்டிய மணல்வீட்டை அவன் காலால் கலைக்க வருவான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க இந்தக் கெஞ்சல்தான், அங்கே பேசுகிறவள் பெண். பறை தெருவுக்கு உரியது, தேர் தெருவுக்கு உரியது. ஊசல் கட்டிய இடத்திலேயே ஆடும். எங்கள் ஊர்ப் பையன்கள் சாலையைக் கடந்து போய்த் துணியை விலக்கியதையும் நாங்கள் இந்தப் பக்கம் நின்றதையும் வீடியோ கேம் கண்டுபிடிக்கவில்லை.

மேற்கத்தியப் பெண்ணியம் இங்கே ஓரளவுதான் உதவுகிறது. ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976இல் எழுதிய கட்டுரை, இளைஞர் பண்பாடு பற்றிய ஆய்வுகள் தெருவையே பார்த்ததால் பெண்பிள்ளைகளைத் தவறவிட்டன என்றது. அவர்கள் தங்கள் படுக்கையறையில், பாட்டு கேட்டு, நட்சத்திரங்களின் படம் ஒட்டித் தங்களுக்கான பண்பாட்டை உருவாக்கினார்கள் என்றது. படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. உடனே எங்கள் குப்பத்து வீடு நினைவுக்கு வந்தது. ஒரே அறை, அதில் ஏழு பேர், வலை, எண்ணெய் விளக்கு. கதவை மூடிக்கொள்ள எந்த அறை இருந்தது? எங்களுக்கு வாய்த்த இடம் குழாயடி. ஏரி உப்பு, நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்பு. நல்ல தண்ணீர் வரும் இடத்தில் குடங்கள் வரிசையாக நிற்கும். அங்கே எங்களுக்கும் முறை வந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. மாத நாவல்கள் அங்கேதான் கை மாறின. ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், அட்டை கிழிந்து, மீன் கறை படிந்து. ரமணிசந்திரனைப் படித்ததைச் சொல்லத் தமிழ்த்துறையில் இன்னும் நாங்கள் தயங்குகிறோம். கான்ட்ரா ஆடியதைச் சொல்ல எந்த ஆண் எழுத்தாளருக்கும் தயக்கம் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆர்வமில்லை என்ற வாதத்தை அந்தத் தொழிலின் வரலாறே மறுக்கிறது. அட்டாரியின் ‘சென்டிபீட்’ (1981) விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் டோனா பெய்லி என்ற பெண். ‘ரிவர் ரெய்ட்’ (1982) கேரல் ஷாவின் ஆக்கம். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ (1991) இசையின் பெரும்பகுதியை எழுதியவர் யோகோ ஷிமோமுரா. எதிர்ப்புறம் நின்று நாங்கள் கேட்ட இசையில் ஒரு பெண்ணின் கை இருந்திருக்கிறது. பேக்மேனை வடிவமைத்த தோரு இவாடானி பெண்களும் விரும்பி ஆடுவதற்காகவே அதை யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். பெண்களுக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தோன்றியது சாப்பிடுவது. சரி, போகட்டும். அமெரிக்க ஆர்கேடுகள் எப்படிப் பையன்களின் இடம் என்று ஆக்கப்பட்டன என்பதைக் கார்லி கோசுரெக் 2015இல் ஒரு நூலாகவே எழுதினார். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. 1995இல் கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் இந்தக் கடைகளுக்கு உரிமம் வேண்டுமா, ஆடப்படுவது சூதாட்டமா என்பவை அலசப்பட்டன. உள்ளே வர முடியாதவர்கள் யார் என்பது யாருடைய வழக்காகவும் இல்லை. மும்பைப் பெண்கள் காரணமின்றித் தெருவில் நிற்கும் உரிமை பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ (2011) படித்தபோது எனக்குப் பொன்னேரிப் பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வந்தது. பேருந்து தாமதமானதால் மட்டுமே எங்களுக்குக் கிடைத்த தெரு அது.

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மணிக் கணக்கோடு எழுதச் சொன்னேன். மாவு அரைத்தது, தண்ணீர் பிடித்தது, தங்கையைத் தூக்கி வைத்திருந்தது, வீட்டுப்பாடம், தம்பியின் வீட்டுப்பாடம். ஒருத்தி நேரத்தை மட்டும் வரிசையாக எழுதி எதிரே ஒன்றும் எழுதாமல் கொடுத்தாள். அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். இன்னொருத்தி, கடலோரத்திலிருந்து வருகிறவள், விடுதியில் இரவு விளக்கணைத்த பிறகு போனில் ஃப்ரீ ஃபயர் ஆடுவதாக எழுதியிருந்தாள். நன்றாக ஆடுவாள் என்று தோழிகளும் சொன்னார்கள். மைக்கை மட்டும் எப்போதும் அணைத்தே வைத்திருப்பாளாம். குரல் கேட்டால் எதிரணி மட்டுமல்ல, சொந்த அணியும் ஏச ஆரம்பித்துவிடும். எங்களுக்கு ஒலி மட்டும் கிடைத்தது, இவளுக்கு மற்றதெல்லாம் கிடைத்து ஒலி போய்விட்டது.

விளையாட்டில் என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தம்பியின் பெயர் என்றாள்.